மருந்துப் பெட்டியில் கோப்பித் தூள்

அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். மலாயாவில், ரெம்பியாவுக்கு உள்ளே இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். புல் வெட்டும் கூட்டத்தைக் காலையில் ஏற்றிக்கொண்டு ஏழு மைல் உள்ளே, காட்டை ஒட்டிய கடைசிப் பிரிவில் கொண்டுபோய் விடுவார். அங்கே ஆஸ்பத்திரி இல்லை, வீடும் இல்லை. அதனால் லாரியில் ஒரு மருந்துப் பெட்டி போக வேண்டும் என்று துரை உத்தரவு போட்டிருந்தார்.

பெட்டி என்றால் பிஸ்கோத்துத் தகரம். மூடியில் சிவப்புச் சாயத்தில் ஒரு சிலுவை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து போடும் டிரஸர் ஞாயிற்றுக்கிழமை சாமான்களையும் ஒரு சீட்டையும் கொடுத்து அனுப்புவார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அதனால் அடுக்குவது என் வேலை. அயோடின் ஒரு போத்தல், பஞ்சு, கட்டுத் துணி ஆறு, காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை, கத்தரிக்கோல், ஒரு பிளேடு. போத்தல் உடையாமல் பஞ்சை அதைச் சுற்றி வைப்பேன். கட்டுத் துணி மேலே. ரத்தத்தைப் பார்த்தால் கை முதலில் அதைத்தான் தேடும் என்று டிரஸர் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் பெட்டியை நானே கேட் வரைக்கும் தூக்கிப் போவேன். லாரியில் இருக்கும் பெண்கள் கேலி செய்வார்கள்.

"டாக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாம் எந்திரிச்சு நில்லுங்கடி."

எனக்கு அது பிடித்திருந்தது.

அது கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. ஆறு மணிக்குத்தான் கேட் திறக்கும். வெளியே போகிறவர்களை ஒவ்வொருவராகச் சோதிப்பார்கள். அரிசி, சீனி, கோப்பி, கருவாடு, தின்கிற சாமான் எதுவும் வெளியே போகக் கூடாது. காட்டில் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பயம். அகப்பட்டவரை வழக்கில்லாமலே உள்ளே வைப்பார்கள். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பக்கத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் இருந்தவர் அப்படித்தான் போனார். பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும் இங்கேயே நின்றுவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கப்பலில் போனார் என்பதுதான். எனக்கும் கப்பல் பார்க்க ஆசை.

ஒரு வாரம், புல் வெட்டும்போது ஓர் அக்காவுக்குக் கெண்டைக்காலில் கத்தி பட்டுவிட்டது. அயோடின் ஊற்றினார்கள். அந்த அக்கா அலறியதுதான் மிச்சம். ரத்தம் ஏழு மைலும் வடிந்துகொண்டே வந்ததாம். அன்று சோறு போட்டுக்கொண்டே அம்மா அப்பாவிடம் சொன்னார்: "ஒரு பிடி கோப்பித் தூள அப்பியிருந்தா அப்பவே நின்னிருக்கும். அந்தச் செவப்புத் தண்ணி என்னத்துக்கு?"

லயத்தில் எல்லார் வீட்டிலும் வெட்டுக்காயத்துக்கு அதுதான். என் முழங்காலிலேயே அம்மா இரண்டு முறை அப்பியிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு, கொயினா தீர்ந்த சின்ன போத்தலில் கோப்பித் தூளை நிரப்பினேன். கொட்டாமல் இருக்கப் பஞ்சுக்குள் செருகி அடியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கேட்டில் புதிய போலீஸ் சார்ஜன் நின்றார். மலாய்க்காரர். மற்ற நாட்களில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். இவர் ஒவ்வொன்றாக எடுத்து லாரியின் படியில் வைத்தார். பஞ்சைப் பிரித்தார். போத்தலைத் திறந்து மோந்தார். அப்பாவை இறங்கச் சொன்னார்.

ஆள் கணக்கெடுக்க வந்திருந்த கிராணிதான் மலாய்ப் பேச்சைத் தமிழில் சொன்னார். "என்னய்யா இது? யாருக்குக் கொண்டு போறேன்னு கேக்கறாரு."

அப்பா போத்தலைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் முன்னால் போய், "அது மருந்து. நான்தான் வெச்சேன்" என்றேன். அம்மா, ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறவர்களின் வரிசையில் இருந்தார். வாளியைக் கீழே வைத்தார்.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "உபாட், துவான்" என்றார். மருந்து, துரையே என்று அர்த்தம்.

அப்படியானால் நான் தினமும் மூன்று வேளை மருந்து குடிக்கிறேன் என்றார் சார்ஜன். காவலுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். கிராணி குரலைத் தாழ்த்தினார். "ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாரு. நான் சொல்லி கேக்கற ஆளு மாதிரி தெரியல."

அப்பா படியில் இருந்த பிளேடை எடுத்தார். சட்டைக் கையை மேலே சுருட்டினார். இடது முன்கையில் ஒரு கோடு இழுத்தார். காவல்காரர் ஒருவர் துப்பாக்கியைத் தூக்கினார். அப்பா பிளேடைத் திரும்ப வைத்துவிட்டுக் கையை சார்ஜனிடம் நீட்டிக் காட்டினார். ரத்தம் விரல் வழியாகச் சொட்டியது. பிறகு போத்தலைக் கவிழ்த்துத் தூளை அப்பினார். அப்படியே நின்றார்.

தூள் நனைந்து சேறு மாதிரி ஆனது. சொட்டுவது குறைந்தது. கொஞ்ச நேரத்தில் இல்லை.

"நின்னுருச்சிலா" என்று லாரிக்குள் யாரோ மெல்லச் சொன்னார்கள்.

சார்ஜன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டது. மிச்சத் தூளைச் செம்மண்ணில் கொட்டிப் பூட்ஸால் தேய்த்தார். போகலாம் என்று தலையை ஆட்டினார்.

சாயங்காலம் அப்பா கையில் கட்டோடு வந்தார். கட்டுத் துணி ஒன்று குறைந்ததால் காரணத்தை டிரஸருக்குச் சீட்டில் எழுத வேண்டும். என்னவென்று எழுதட்டும் என்று கேட்டேன். லாரிக் கதவு பட்டது என்று எழுதச் சொன்னார். அடி விழும் என்று நினைத்திருந்தேன். அம்மா அடிக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"மருந்து கேட்டுச்சாப்பா?" என்றேன்.

"கேட்டுச்சு."

அந்த வாரம் முழுக்கப் பள்ளியில் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் மருந்து போலீஸையே ஜெயித்துவிட்டது என்று.

பெரியவளானதும் அதே ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போனேன். கையில் வெட்டுப்பட்டு வந்தால் முழங்கைக்கு மேலே, உள்பக்கம், ரத்தக் குழாய் ஓடும் இடத்தை அழுத்தினால் ரத்தம் நிற்கும் என்று டிரஸர் எனக்குக் காட்டினார். லாரிக்காரர்களுக்கு அதைப் பெட்டி கொடுத்த அன்றே சொல்லிக்கொடுத்தாராம்.

தூளை அப்பிவிட்டு அப்பா கேட்டில் நின்ற அத்தனை நேரமும் அவருடைய வலது கை அங்கேதான் இருந்தது. கட்டைவிரல் சதைக்குள் புதைந்திருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். சுருட்டிய சட்டைக் கை இறங்கிவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.