டொக்கென்ற ஜாடி

இணைய ஏலத்தில் எடுத்த ஊறுகாய் ஜாடி வந்து சேர்ந்தது. குரங்கணி எஸ்டேட் பங்களாவின் பழைய பீங்கான், பழுதில்லாதது என்று படத்தோடு போட்டிருந்தார்கள். விரலால் சுண்டினேன். கணீரென்று ஒலிக்காமல் டொக்கென்றது. விரிசலை ஒட்டி, மேலே சாயம் பூசி மறைத்திருக்கிறார்கள்.

போடியில் எங்கள் வீட்டு ஜாடியும் கரண்டி பட்டால் இப்படித்தான் டொக்கென்னும். நான் தாவணி போட்ட புதிதில் அதிலிருந்த நார்த்தங்காய் பூஞ்சை பூத்துவிட்டது. ஏலக்காய் பொறுக்க வந்த பெண்கள் முன்னால் அத்தை என்னைக் காட்டி, “வீட்டுக்குத் தூரமா இருக்கயில இவ தொட்டிருக்கா. வேற எப்பிடிக் கெடும்?” என்றாள். அத்தனை பேரும் என் பாவாடையைப் பார்த்தார்கள். நான் தொடவே இல்லை. ஜாடியைத்தான் யாரும் சுண்டிப் பார்க்கவில்லை.

“ஏமாத்திட்டாங்க. திருப்பி அனுப்பிருவமா?” என்றார் கணவர்.

எனக்கு மாதவிலக்கு நின்றே பல வருடமாகிறது. ஆனாலும் ஜாடியைத் தொட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.