கீறியது பூனை, வீங்கியது அக்குள்

பூனை வைத்தியத்தில் நோயாளி பேசாது, கூட வருகிறவர் முழு உண்மையைப் பேசமாட்டார். பூனை வளர்க்கிறவர்களே, உங்கள் முன்கையை ஒரு தடவை பாருங்கள். நம் எல்லோருக்கும் அதே கோடுகள்தான்.

காபித்தூள்

மண்ணூர்பேட்டையில் என் கிளினிக்குக்கு எதிரே கலைவாணி தையல் கடை வைத்திருக்கிறார். தெருவில் கிடந்த குட்டி ஒன்றை எடுத்து 'முறுக்கு' என்று பேர் வைத்தார். அதன் உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. அதற்கு மருந்து விடவும் தடுப்பூசி போடவும் கொண்டுவந்த அன்று கலைவாணியின் கையில் நீளமாகக் கீறல், அதன் மேல் அப்பிய காபித்தூள்.

"காபித்தூள் டம்ளருக்கும்மா. சோப்புப் போட்டு நல்லா கழுவிட்டு, டாக்டர்கிட்ட போய் ஊசி போட்டுக்கங்க" என்றேன். அவர் அங்கேயே கையை நீட்டினார்.

"நீங்களும் டாக்டர்தானே சார்? முறுக்குக்குப் போட்டதுல மிச்சம் கீதா?"

சலீமின் கட்டைவிரல்

என் உதவியாளர் சலீம் பூந்தமல்லிக்காரர். எந்தப் பூனையையும் அமுக்கிப் பிடித்துவிடுவார். ஒரு வெள்ளைப் பூனை அவர் கட்டைவிரலில் பல்லைப் பதித்தது. இரண்டே பொட்டு ஓட்டை. வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டு, கதை முடிந்தது என்று வேலைக்கு வந்துவிட்டார்.

மறுநாள் விரல் சிவந்து வீங்கிவிட்டது. பூனைப் பல் கிருமியை ஆழத்தில் விட்டுவிட்டுப் போகும். அதற்கு அந்த ஊசி கேட்காது, வேறு மருந்து வேண்டும். திட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கட்டோடு திரும்பியவருக்கு வலியைவிட ரோஷம்தான் அதிகம்.

"நாய் கடிச்சா ஊரே வந்து விசாரிக்குது சார், பூனை கடிச்சா சிரிக்கிறானுங்க!"

சொல்லாமல் விட்டது

சில வாரம் கழித்து கலைவாணி வந்தார். கீறல் பட்ட கைப்பக்கத்து அக்குளில் நெல்லிக்காய் அளவு கட்டி, கூடவே காய்ச்சல். சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். புற்றுநோயாக இருக்குமோ என்று அழுதார்.

"பூனை கீறியதைச் சொன்னீங்களா?" என்றேன். இல்லையாம். மாமியாருக்குத் தெரிந்தால் முறுக்கைக் கோணியில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிடுவாராம். எனக்குப் பரிதாபம் பாதி, கோபம் பாதி. குட்டிப் பூனை கீறி உள்ளே போகும் ஒரு பாக்டீரியாவும் இப்படிக் கட்டி கிளப்பும், ஆனால் அதுதானா என்று உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும், முதலில் போய்ச் சொல்லுங்கள் என்று விரட்டினேன். போனவர் முறுக்கோடு திரும்பி வந்தார்.

"நான் போய் சொல்லிடறேன் சார், அதுவரைக்கும் இது உங்ககூடவே இருக்கட்டும்."

மாமியார்

ரத்தப் பரிசோதனையில் பூனைக் கீறல் காய்ச்சல் என்று தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள், கட்டி கரைய ஆரம்பித்தது. அடுத்த வாரம், விஷயம் தெரிந்துபோன மாமியார் கூடையோடு என் கிளினிக் வாசலில் நின்றார். முறுக்கின் கதை மீன் மார்க்கெட்தான் என்று அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவரோ குட்டியை வாரி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது மட்டும் கீறாம இருந்து, கட்டி தானா வந்திருந்தா, என் மருமவ கதி இன்னா ஆயிருக்கும் டாக்டரே? தெய்வம் சார் இது!"

நோயைக் கொடுத்த பூனைக்குத் தெய்வப் பட்டம், போய் உண்மையைச் சொல் என்று தொண்டை கிழியக் கத்தியவனுக்கு முன்கையில் அது போட்ட இன்னொரு கோடு.