மதாம், அவங்ககிட்ட சொல்லுங்க

சமாதானப் பேச்சுவார்த்தையில் பெண்களுக்கும் இடம் வேண்டும் என்று பேசுவதற்காக ஒரு கூட்டத்தைக் கூட்டி, அதன் மேடையில் ஒன்பது ஆண்களை உட்கார வைத்து, பேச வந்த பெண்ணுக்கு மட்டும் நாற்காலி போட மறந்த மேதை உலகத்தில் ஒருவன்தான் இருக்க முடியும். அவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் செய்தித்தாளில் ஒரு படம் பார்த்தேன். ஆப்பிரிக்க நாடு ஒன்றில் அரசாங்கத்துக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் பேச்சு நடக்கிறது. நீளமான மேசை, வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள், வரிசையாகக் கோட்டுகள். மேசையின் கோடியில் ஒரே மாதிரி அச்சுத்துணி உடுத்திய பெண்கள் சிலர், இனி எங்களை எழுப்ப முடியாது என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “துணி நல்லாருக்கே” என்று சொல்லிப் போய்விட்டாள். எனக்கோ அந்தக் காகிதத்திலிருந்து மீன் வாடையும் வாடகை நாற்காலியின் வார்னிஷ் வாடையும் கலந்து வீசியது.

எண்பதுகளின் தொடக்கம். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்த புதிது. மாலையில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு மாமா இருந்தார். அவருக்கு ஒரு தோட்டம் இருந்தது. தோட்டத்தில் பேரிக்காய் மரம். மாமாவின் தோட்டத்தைப் பற்றி என்னால் அரை மணி நேரம் தங்குதடையில்லாமல் பேச முடியும். ஆனால் ஒரு பிரெஞ்சுக்காரர்கூட என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. இந்தப் புலமையை நம்பித்தான் எங்கள் தெருவின் நேச சங்கம் என்னைச் செயலாளராக்கியது.

சங்கத் தலைவர் லூயி; பிரெஞ்சு மரியாதையில் முசே லூயி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்போம். அவர் ஒரு சொல்தா. பென்ஷன் வாங்கும் நாளில் கோட்டுப் போடுவார். கூட்டம் நடக்கும் நாளில் கோட்டின் மேல் மெடலும் ஏறும். இளமையில் செனகல் தலைநகர் டாக்காரில் பணியாற்றியவர். அந்த ஊரைப் பற்றி அவர் சொன்னதில் முக்கால்வாசி சாப்பாடு.

அவர் வீட்டு மாடியில் அப்போது டாக்காரிலிருந்து வந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி குடியிருந்தாள். பெயர் அவா. ஏதோ பயிற்சிக்காகச் சில மாதங்கள் வந்திருந்தாள். நல்ல உயரம், தலையில் பெரிய துணிக்கட்டு. அவள் நடந்து போனால் தெருவே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். நாங்கள் எல்லோரும் ‘மதாம்’ என்றோம். அவளுடைய தாய்வழி ஊர் பல எல்லைகளுக்கு அப்பால், உள்நாட்டுச் சண்டையில் கிடந்த நாட்டில் இருந்தது. அந்த நாட்டுப் பெண்கள் சமாதானப் பேச்சுக்குள் எப்படி நுழைந்தார்கள் என்று ஒருநாள் முசே லூயியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் உடனே என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“தம்பி, கூட்டம் போடுறோம். மதாம் பேசுறாங்க. நீ மொழிபெயர்க்கிற.”

“எனக்கு அவ்வளவா…”

“நான் இருக்கேன்ல!” என்றார். அவர் இருந்தார். கூட்டம் முழுக்க மேடையில் தூங்கிக்கொண்டு இருந்தார்.

மேடைக்கு ஆள் சேர்ப்பது எளிது. தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், பேனர் எழுதித் தந்த ஓவிய வாத்தியார், உட்கார வைக்காவிட்டால் மைக் தரமாட்டேன் என்ற மைக் செட்காரர், அதைக் கேள்விப்பட்டு அதே நிபந்தனை போட்ட நாற்காலிக் கடைக்காரர் என்று கூடிக்கொண்டே போய், ஒன்பதாவதாக நான் உட்கார்ந்ததும் மேடை நிறைந்துவிட்டது. கீழே ஆள் சேர்ப்பதுதான் பாடு. எங்களுடைய முந்தைய கூட்டத்தில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர் வாட்ச்மேன் மட்டும்தான். பூட்ட வேண்டுமே.

பெண்களைப் பற்றிய கூட்டம், பெண்கள் வரவேண்டாமா? எங்கள் வீட்டுக்குத் தினமும் மீன் கொண்டுவரும் அஞ்சலையம்மாவிடம் சொன்னேன். டவுனுக்கு வடக்கே கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து கூடையோடு பஸ்ஸில் வருகிறவள். “டீ, பிஸ்கோத்து எல்லாம் உண்டு. மார்க்கெட் முடிஞ்சதும் உங்க ஆளுங்களக் கூட்டிட்டு வாங்க” என்றேன். முசே லூயியின் மனைவியும் தன் வீட்டுக்கு மீன் போடும் கனகம்மாவிடம் அதையே சொல்லியிருக்கிறார். கனகம்மா டவுனுக்குத் தெற்கே வேறு குப்பம்.

இங்கேதான் என்னுடைய இரண்டாவது மேதைமை. அந்த இரண்டு குப்பங்களும் அப்போது ஜென்மப் பகையில் இருந்தன. மாசி மகத்தன்று எந்த ஊர்ச் சாமி முதலில் கடலில் இறங்குவது என்பதில் தொடங்கி, வலை அறுந்து, மண்டை உடைந்து, கடைசியில் இரண்டு ஊரும் கட்டுப்பாடு போட்டுவிட்டன. ஒரு ஊர் ஆள் இன்னொரு ஊர் ஆளோடு பேசக் கூடாது, போகக் கூடாது, வரக் கூடாது. மீறினால் குடும்பத்தையே ஊர் ஒதுக்கிவைக்கும். அதிகாரிகள் சமாதானக் கமிட்டி அமைத்து மூன்று தடவை கூடினார்கள். முதல் கூட்டம் யார் முதலில் உட்காருவது என்பதில் உடைந்தது. இரண்டாவது கூட்டம் யாருக்கு முதலில் டீ என்பதில். மூன்றாவது கூட்டத்துக்கு யார் முதலில் வருவது என்று இரண்டு தரப்பும் தெருமுனையிலேயே நின்றுவிட்டதாகக் கேள்வி.

எனக்கு இது எதுவும் தெரியாது. தினமும் செய்தித்தாள் படிக்கிறவன் அல்லவா, உள்ளூர் விஷயம் எப்படித் தெரியும்?

மூன்று மணிக்கு வடக்குக் குப்பத்துப் பெண்கள் வந்து ஜமுக்காளத்தின் இடதுபக்கம் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே தெற்குக் குப்பத்துப் பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், வாசலிலேயே நின்றார்கள். பிறகு பிஸ்கோத்துத் தட்டையும் பார்த்தார்கள். வலதுபக்கம் போய் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் படுக்கும் அகலத்துக்கு இடைவெளி. இரண்டு தரப்பும் விட்டத்தை ஆராய்ந்தன. எவ்வளவு கட்டுப்பாடான கூட்டம் என்று நான் பூரித்துப் போனேன்.

மதாம் வந்தாள். மேடையைப் பார்த்தாள். ஒன்பது நாற்காலி, ஒன்பது ஆண்கள். நாங்கள் ஒன்பது பேரும் எழுந்து, இங்கே உட்காருங்கள் என்று பக்கத்து ஆளின் நாற்காலியைக் காட்டினோம். அவள் சிரித்துவிட்டுத் திரும்பி, அந்தக் காலி இடைவெளியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு குப்பங்களுக்கும் நடுவில், சரியாக எல்லைக்கோட்டின் மேல். நானும் இறங்கிப் போய் மைக்கைப் பிடித்தபடி பக்கத்தில் குந்திக்கொண்டேன்.

“யாரு பெத்த புள்ளயோ, நம்மளாட்டம் கறுப்பா, லட்சணமா கீது” என்றது இடதுபக்கம். வலதுபக்கம் தலையாட்ட நினைத்து, கட்டுப்பாடு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டது.

மதாம் பேசினாள். பேரிக்காய் மரம் வராத அந்தப் பேச்சிலிருந்து நான் பொறுக்கி எடுத்தது இவ்வளவு: அந்த நாட்டில் அரசாங்கத்துக்கும் காட்டிலிருந்தவர்களுக்கும் தலைநகரில் பேச்சு நடந்தது. பெண்களை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு தரப்புத் தாய்மார்களும் யார் எந்தப் பக்கம் என்று தெரியாதபடி ஒரே துணியில் உடுத்திக்கொண்டு, பேச்சு நடந்த வீட்டு வாசலில் வழியை அடைத்து உட்கார்ந்தார்கள். கோபித்துக்கொண்டு வெளியே வரும் ஆண் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். தாயைத் தாண்டிப் போகிற தைரியம் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கும் வரவில்லை. திரும்ப உள்ளே போனான். அப்புறம் அந்தப் பெண்களில் சிலரையும் உள்ளே கூப்பிட்டார்கள். வாசலைக் காலி பண்ண வேறு வழி இல்லை.

“உங்கள் ஊரில் சண்டை வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று மதாம் கேட்டாள். மொழிபெயர்த்தேன்.

அஞ்சலையம்மா தொண்டையைச் செருமினாள். “தம்பி, மதாமுகிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“அதோ தூணோரம் ஒக்காந்திருக்கிற பொம்பளகிட்ட நான் பேசக் கூடாது. ஊர்க் கட்டுப்பாடு. மதாமு பேசுனா கட்டுப்பாடு இல்ல. எம் பொண்ண அந்த வூட்லதான் குடுத்திருக்குது. அவளுக்கு ஒம்பதாம் மாசம். காலு கையி வீங்கியிருக்குதான்னு மதாம வுட்டுக் கேக்கச் சொல்லு.”

தூணோரம் இருந்தவள் கனகம்மா. இருவரும் சம்பந்திகள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் பாடப்புத்தக மாமாவுக்குக் கால் வீங்கியதே இல்லை. “மகளின் கால்கள் பெரியவையா?” என்ற பொருளில் எதையோ பிரெஞ்சில் சொன்னேன். மதாம் என்னைப் பார்க்கவில்லை. அஞ்சலையம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கனகம்மா பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினாள்.

“மதாம், அவங்ககிட்ட சொல்லுங்க,” என்றாள் கனகம்மா. “காலு வீங்கல. வாயிதான் நீண்டு போயிருக்குது. ஒண்ணு சொன்னா ஒம்போது சொல்றா.”

“மதாம், அந்த வாயி அவ அப்பன் வூட்டு வழின்னு சொல்லுங்க. அது கெடக்கட்டும். தலப்பிரசவத்துக்குத் தாய் வூட்டுக்கு அனுப்புவாங்களா, மாட்டாங்களா?”

“மதாம், அனுப்ப மாட்டேன்னு நானா சொன்னேன்? ஊரு சொல்லுது. மீறுனா எம் புள்ளைய எவனும் கட்டுமரத்துல ஏத்த மாட்டான். கடலுக்குப் போவாம காத்தையா தின்றது? கேளுங்க மதாம்.”

இதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றியது. ஒவ்வொரு வரியையும் பிரெஞ்சாக்கி மதாமிடம் சேர்த்து, அவள் சொன்ன ‘ஆ’, ‘ஓ’ எல்லாவற்றையும் தமிழாக்கி எதிர்ப்பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் மைக் செட்காரர் “தலைப்புக்கு வாங்க, தலைப்புக்கு வாங்க” என்றார். யாரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போது அஞ்சலையம்மாவின் குரல் இறங்கிவிட்டது. “மதாம்… மூத்தவ தலப்பிரசவத்துலதான் போயிட்டா. அசலூர்ல. சேதி வந்து நான் போயிச் சேர்றதுக்குள்ள… இவளையும் என்னால அப்படி வுட முடியாதும்மா.”

நான் மொழிபெயர்க்க மறந்தேன். மதாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது எனக்குத் தெரியாதே, சம்பந்தி” என்றாள் கனகம்மா.

நேராகச் சொல்லிவிட்டாள். கனகம்மா சட்டென்று மதாம் பக்கம் திரும்பி, “எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க மதாம்” என்று திருத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் முந்தானையை விரலில் சுற்றினாள். பிறகு கேட்டாள்: “மதாம், டவுனு எந்தக் குப்பத்துல சேர்ந்தது?”

மதாமுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

“எதுலயும் இல்ல. பிரசவ ஆஸ்பத்திரியும் எந்தக் குப்பத்துலயும் இல்ல. வெள்ளிக்கிழம மருமவளக் காட்டறதுக்குக் கூட்டியாருவேன். டாக்டரம்மா சேத்துக்கச் சொன்னா சேத்துட்டு, நான் பாட்டுக்கு மீன் விக்கப் போயிடுவேன். அப்புறம் அங்க எவ வந்து சோறு ஊட்டுனா, எவ தல வாரிவுட்டா, எனக்கு எப்படித் தெரியும்? கேளுங்க மதாம், எனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுதான்” என்றது இடதுபக்கம் முழுவதும், விட்டத்தைப் பார்த்து.

இது வெளியே போனால்? அதற்கும் ஒரு தீர்ப்பு வந்தது, யார் வாயிலிருந்து என்று எனக்கு நிச்சயமில்லை. மீன் நிறைந்த கூடையை ஒருத்தி தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. இன்னொருத்தி கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். “ஊர்ல போயிச் சொல்றவ கூடைக்கு எவளும் கை குடுக்கக் கூடாது.” மதாம் வழியாகவே இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டன. ஆண்கள் போட்ட கட்டுப்பாட்டுக்கு மேல் பெண்கள் போட்ட கட்டுப்பாடு. முசே லூயி விழித்துக்கொண்டு நன்றியுரை ஆற்றினார்.

வெள்ளிக்கிழமை பெண்ணைச் சேர்த்தார்கள். டாக்டரம்மா ரத்தம் குறைவு என்று படுக்க வைத்துவிட்டார். மீன் விற்கப் போகிறேன் என்ற கனகம்மா போகவே இல்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் இரண்டு பேர். நடுவில் மதாமுக்குப் பதிலாக ஒரு நர்ஸ் மாட்டிக்கொண்டார். ஒரு வாரம் கழித்துப் பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

பஸ் ஸ்டாப்பில் அந்த ஊர்க் கூடைக்கு இந்த ஊர்க் கை நீள ஆரம்பித்தது. ஆண்கள் கேட்டபோது, “பேசக் கூடாதுன்னுதான சொன்னீங்க, பேசலியே” என்றார்களாம். சீக்கிரமே சமாதானக் கமிட்டி நான்காவது முறை கூடி, கட்டுப்பாட்டை எடுத்துவிட்டதாக அறிவித்தது. பத்திரிகையில் படம் வந்தது. எல்லோரும் ஆண்கள். எல்லோருக்கும் நாற்காலி.

மதாம் அந்த வருடமே ஊருக்குப் போய்விட்டாள். முசே லூயி போய்ச் சேர்ந்தார். சங்கம் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. கூட்டம் நடந்த இடம் இப்போது காப்பிக் கடை. ஒரு காப்பியின் விலையில் அன்று மைக் செட்டோடு அதன் உரிமையாளரையும் சேர்த்து வாடகைக்கு எடுத்திருக்கலாம். மீன் ஐஸ் பெட்டியில், ஆட்டோவில் வருகிறது. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவரவர் செல்போனைப் பார்த்துக்கொள்கிறார்கள். யார் தலைக்கும் யார் கையும் தேவைப்படுவதில்லை.

கட்டுப்பாடு நீங்கிய ஒரு மாதத்தில், மகளும் பேத்தியும் அஞ்சலையம்மா வீட்டில் இருந்தார்கள். கனகம்மா தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஒருநாள் காலையில் எங்கள் வாசலில் சங்கரா மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்த அஞ்சலையம்மாவிடம், சமாதானத் தூதுவனுக்கு உரிய அடக்கத்தோடு கேட்டேன். “என்ன அஞ்சலையம்மா, இப்பல்லாம் சம்பந்தி நேராவே பேசுறாங்களாமே?”

“பேசறாளே, காலைலேருந்து ராத்திரி வரைக்கும். எண்ண தேச்சது சரியில்லங்கறா, தொட்டிலு கட்டுனது சரியில்லங்கறா.” மீனைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் தேய்த்தாள். “அந்தக் கட்டுப்பாட்ட அவசரப்பட்டு எடுத்துட்டாங்க தம்பி.”