ஈரத் துணியில் முடிந்த தாள் ரூபாய்

நெல்வேலி காத்த எந்தையும், அவன் இடப்பாகம் பிரியாத காந்திமதி அம்மையும் இந்த எளியேன் கையைப் பற்றிக்கொள்வார்களாக. ஐங்கரத்தான் முன்னின்று, எழுதப் புகுந்த இதில் பொய் ஒன்றும் கலவாமல் காப்பானாக.

இன்று தைப்பூசம். பௌர்ணமியும் பூச நட்சத்திரமும் கூடிய நாள். விடியலில் பொருநையில் நீராடி, திருநீறு தரித்து, பதிகம் ஓதி முடித்த பிறகே ஏட்டைத் திறந்தேன். எழுதப்போவது நான் வெகுவாக அஞ்சியிருந்த சில நாட்களைப் பற்றியது. ஆகவே நல்ல நாளுக்குக் காத்திருந்தேன்.

ஐரோப்பிய யுத்தத்தின் நான்காம் வருஷம் அது. நான் திருநெல்வேலி டவுணில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழ ரதவீதிக்குப் பின்னுள்ள சந்தில் வாடகை வீடு. வீட்டில் மூன்று பேர்: நான், என் மனைவி, என் மதினி. என் அண்ணன் அதற்கு இரண்டு வருஷம் முன்பு காய்ச்சலில் இறந்துபோனார். அதுமுதல் மதினி எங்களோடு இருந்தார்.

வெள்ளியெல்லாம் யுத்தத்துக்குப் போகிறது என்று சொன்னார்கள். இருந்த வெள்ளி ரூபாய்களையும் ஜனங்கள் பானையிலும் பெட்டியிலும் ஒளித்துவிட்டார்கள். அப்போதுதான் சர்க்கார் ஒரு ரூபாய்க்குத் தாள் அச்சடித்து வெளியிட்டது. அந்த மாசி மாதம் எனக்குச் சம்பளம் முழுவதும் தாளாகவே வந்தது. இருபத்தைந்து தாள்கள் சேர்த்துத் தைத்த சிறு புத்தகம். வேண்டும்போது ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொள்ளவேண்டும். தாளின் ஒரு மூலையில், வட்டத்துக்குள் ராஜாவின் தலை இருந்தது. எங்கள் ஊரார் ரூபாயைக் கல்லில் சுண்டி, ஒலியைக் கேட்டு வாங்கிப் பழகியவர்கள். இதை எங்கே சுண்டுவது?

மளிகைக்கடை அண்ணாச்சி என் தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"பதினஞ்சணாவுக்குத்தான் எடுப்பேன் வே."

"ஏன் அண்ணாச்சி? ஒரு ரூவான்னு அச்சடிச்சிருக்குல்லா?"

"அடிச்சிருக்கு. சண்டையில நம்ம ராசா தோத்துட்டாருன்னா, இத வச்சு நான் புளிதான் மடிக்கணும்."

கடையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்தது. வெள்ளியிலும் அதே தலை, தாளிலும் அதே தலை. மதிப்பு இருப்பது உலோகத்தில் அன்று, கொடுத்த வாக்கில் என்று நெடுநேரம் பேசினேன். கல்லாலும் செம்பாலும் மரத்தாலும் செய்த திருமேனி எல்லாவற்றிலும் எழுந்தருள்பவன் ஒருவனே அல்லவா என்றும் கேட்டேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பதினாறணா ரூபாய்க்குப் பதினைந்து அணாவுக்குச் சாமான் வாங்கிக்கொண்டு, வாதத்தில் வென்ற நினைப்போடு வீடு வந்தேன்.

அடுத்த வாரம் என் மனைவி காய்ச்சலில் படுத்தாள். நான்காம் நாள் வைத்தியர் வந்தார். நாடி பார்த்தார். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "பதினாலு தாண்டட்டும், பாப்போம்" என்றார். என் அண்ணனுக்கும் இதே சொல்லைத்தான் சொல்லியிருந்தார். அண்ணன் பதின்மூன்றாம் நாள் போனார்.

கதவுக்குப் பின்னால் நின்று மதினியும் அதைக் கேட்டார்.

"தம்பி, அம்மனுக்கு ஒரு ரூவா முடிஞ்சு வைங்க. இத நான் முடியக்கூடாது. நீங்கதான் முடியணும்."

எங்கள் பக்கத்து வழக்கம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ரூபாயை மஞ்சள் நீரில் நனைத்த துணியில் முடிந்து, 'இவளை எழுப்பிக் கொடு தாயே, இதை உன் உண்டியலில் கொண்டுவந்து சேர்க்கிறேன்' என்று நேர்ந்துகொள்வார்கள். அந்த முடிச்சை நேர்ச்சை நிறைவேறிய பின் சந்நிதியில் வைத்துத்தான் அவிழ்க்கவேண்டும். இடையில் அவிழ்த்தால் கொடுத்த வாக்கை நாமே பறித்துக்கொண்டதாக ஆகும். எல்லா வீட்டிலும் இது சுமங்கலிப் பெண்கள் செய்கிற காரியம். நான் அதற்குமுன் ஒரு முடிச்சும் முடிந்தவனல்லன்.

மதினி அடுப்படியில் கஷாயம் காய்ச்சியபடியே சொல்லிக்கொண்டு வந்தார். "துணிய மஞ்சத்தண்ணியில நல்லா முக்குங்க. பிழியாதிய. ஈரத்தோடயே முடியணும்." நான் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். கை ஒருகணம் தயங்கியது. கடையில் நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது, தயக்கம் போயிற்று. தாளை எட்டாக மடித்து, சொட்டச் சொட்ட நனைந்த துணியில் வைத்து, மூன்று முடிச்சுப் போட்டு, சாமி மாடத்து ஆணியில் தொங்கவிட்டேன். கண்ணை மூடிப் பதிகம் ஒன்றை முழுவதும் ஓதினேன். மனம் லேசாகிவிட்டது.

மறுநாள் காலையில் நீராடக் குறுக்குத்துறைக்குப் போனேன். எனக்கு நாலடி தள்ளி ஒரு நெல் வியாபாரி முங்கி எழுந்தார். படியேறி மடியை அவிழ்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெள்ளி ரூபாயை மடியில் வைத்து முங்கிப் பழகியவர், அன்று அங்கே தாளை வைத்திருந்ததை மறந்துவிட்டார். அவர் உள்ளங்கையில் கூழ்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"வெயில்ல காயப் போடும் வே, அப்பளம் மாதிரி" என்றார் ஒருவர்.

"அப்பளமுன்னா பொரிச்சாவது திங்கலாம்" என்றார் இன்னொருவர்.

துறை முழுவதும் சிரித்தது. நான் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தேன். சிரிக்க வாய் வரவில்லை. வீட்டில் ஆணியில் தொங்கும் முடிச்சு, அதன் அடியில் நேற்று சொட்டிய மஞ்சள் நீர், எல்லாம் கண்முன் வந்தன. அன்று நான் எந்தப் பாட்டும் ஓதாமல் கரையேறினேன்.

வீட்டுக்கு வந்து முடிச்சைத் தொட்டேன். துணிக்குள் ரூபாய் இருந்தால் விளிம்பு விரலில் தட்டும். இங்கே நனைந்த மாவை அழுத்தியது போலிருந்தது.

அடுப்படிக்குப் போய், "மதினி, நான் தாள முடிஞ்சிட்டேன்" என்றேன்.

மருந்து இடித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "தாளையா? நனைச்சா முடிஞ்சிய?"

"நீங்கதான நனைக்கச் சொன்னிய."

"ரூவாயில்லா முடியச் சொன்னேன்."

"அவுத்துப் பாக்கட்டுமா?"

"அவுக்காதிய. என்ன வந்தாலும் அவுக்காதிய."

பிறகு அவர் உலக்கையை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பாராமல், "ஓங்க அண்ணனுக்கு நான் வெள்ளிதான் முடிஞ்சேன்" என்றார். தேற்றுவதற்காகச் சொன்னாரா, வேறெதற்காகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் அச்சம் அந்த ஒரு சொல்லால் இரண்டு மடங்காயிற்று.

அதன் பின் வந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று தெரியாது. இன்னொரு முடிச்சு முடியலாமா என்று நினைப்பேன். முடிந்தால் முதல் முடிச்சு வெறும் துணி என்று நானே அம்மையிடம் ஒப்புக்கொண்டதாகும். முடியாவிட்டால் என் வாக்கு அந்தத் துணிக்குள் ஒவ்வொரு நாளும் அழுகிக்கொண்டிருக்கும். இறைவன் மனத்தைத்தான் பார்ப்பான் என்று பள்ளியில் பிள்ளைகளுக்கு நாள்தோறும் சொன்னவன் நான். அதையே எனக்குச் சொல்லிப் பார்த்தேன், நெஞ்சு கேட்கவில்லை. பாடம் நடத்தும்போது வாசலில் யாராவது வந்து நின்றால், வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது என்று சுண்ணாம்புக்கட்டி கையிலிருந்து நழுவும்.

பதினோராம் நாள் என் மனைவி கண் திறந்து, தெளிவாகப் பேசினாள்.

"அந்த முடிச்சக் கொஞ்சம் கையில தாங்க. வச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன்."

அவள் விரல் பட்டால் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும். தன்னைப் பற்றிய நேர்ச்சை கரைந்துபோயிற்று என்று அறிந்தால், பிழைக்கும் நினைப்பே அவளை விட்டுப் போய்விடாதா?

"சாமி மாடத்துல இருக்கு. நான் குளிச்சிட்டுத்தான் எடுக்கணும். பொறவு தாறேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்திருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மளிகைக்கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, ஒரு வெள்ளி ரூவா வேணும். என்ன விலை சொன்னாலும் சரி."

"வெள்ளியா? அன்னைக்கு இங்கன நின்னு என்ன பிரசங்கம் பண்ணினீரு வே? கல்லு, செம்பு, எல்லாம் ஒண்ணுன்னீரே. எல்லாம் ஒண்ணுன்னா இப்ப வெள்ளி எதுக்கு?"

"வீட்டுல காய்ச்சல். அம்மனுக்கு முடியணும்."

அவர் முகத்திலிருந்த கேலி மறைந்தது. எத்தனையாம் நாள் என்று கேட்டார். சொன்னேன். பின்கட்டுக்குப் போனார். உள்ளே அவர் மனைவியின் குரல் உயர்ந்து தாழ்ந்தது. திரும்பி வந்து, பழைய ராணியின் தலை பொறித்த ஒரு ரூபாயைத் தராசுத் தட்டில் வைத்தார்.

"ரெண்டு தாளு குடுத்துட்டுப் போரும். சாமி காரியத்துக்கு லாவம் பாக்கக்கூடாதுதான். ஆனா, வீட்டுல விடமாட்டேங்கா."

பதின்மூன்றாம் நாள் விடிந்தது. முதல் முடிச்சைப் போலவே இன்னொன்று முடிந்தேன். முதல் முடிச்சை மாடத்தின் உள்மூலையில் மறைத்துவைத்தேன். அம்மையையும் ஏமாற்றுகிறேன், கட்டியவளையும் ஏமாற்றுகிறேன் என்பது தெரிந்தே செய்தேன். புது முடிச்சை அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் விரலால் ரூபாயின் விளிம்பைச் சுற்றித் தடவினாள். கையை மூடி மார்போடு சேர்த்துக்கொண்டாள். நான் சுவரோடு சாய்ந்து அமர்ந்தேன். அவள் மூச்சு உயர்வதையும் தாழ்வதையும் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. உச்சிப்பொழுது கழிந்தது. மதினி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். மூன்று மணி இருக்கும். அவள் கழுத்தில் முத்து முத்தாக வேர்வை அரும்பியது. சற்று நேரத்தில் பாய் நனைந்தது.

பதினான்கும் கடந்தது.

மூன்று வாரம் கழித்து, தலைக்குத் தண்ணீர் விட்டு, நேர்ச்சை செலுத்தக் கோயிலுக்குப் புறப்பட்டோம். இரண்டு முடிச்சுகளையும் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஆறாம் நாளே தெரியும். நீங்க பள்ளிக்கூடம் போயிருந்திய. மதினிகிட்டக் கேட்டேன். அவுக கையில குடுத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாவ. தொட்டா உள்ள களி மாதிரி இருக்கு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நான் பயந்தது போதாதா? ஓங்க பயத்தையும் சேத்து நான் பாக்கணுமா?"

"பின்னே எதுக்கு முடிச்சக் கேட்ட?"

"கேட்டா எங்கனயாவது போயி வெள்ளி வாங்கிட்டு வருவியன்னுதான். பதிமூணாம் நாளு வெறுங்கையோட கெடக்க எனக்குப் பயமா இருந்துது."

"மாத்தி வச்சேன்னு தெரிஞ்சுதா?"

"மஞ்ச வாசன புதுசா அடிச்சுதே. எனக்கு மூக்கு இல்லையா?"

ஒரே கூரையின் கீழ் இருவரும் ஒரே அச்சத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம். அதை நினைத்து நான் அழுதேன். அவள், நேரமாகிறது என்றாள்.

அம்மன் சந்நிதியில் முதலில் வெள்ளியை அவிழ்த்து உண்டியலில் இட்டேன். பிறகு மற்றதை அவிழ்த்தேன். முடிச்சு காய்ந்து இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. உள்ளே ஒரு நெல்லிக்காயளவு கட்டி. அதில் தலையும் இல்லை, எழுத்தும் இல்லை.

பட்டர் எட்டிப் பார்த்தார். "என்ன ஓய் அது, விபூதியா?"

"ரூவா. நேந்துக்கிட்டது."

அவர் தட்டை நீட்டினார். அதில் வைத்தேன். உள்ளே கொண்டு போனார். அம்மை அதை ஏற்காமல் தட்டோடு திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வேன் என்று, தீபம் காட்டும் அவ்வளவு நேரமும் நான் அவள் திருமுகத்தைப் பார்க்கத் துணியாமல் தரையைப் பார்த்து நின்றேன். தட்டு திரும்பி வந்தது. அதில் குங்குமமும் இரண்டு அரளிப்பூவும் மட்டும் இருந்தன.

சிறு தொகைக்குத் தாள் நல்லதா, நாணயம் நல்லதா என்று இப்போதும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், பெட்டியில் பூட்டி வைக்கும் பெருந்தொகைக்குத் தாள் இருக்கட்டும். ஒரு ரூபாயும் அதற்குக் கீழ்ப்பட்டதும் உலோகமாகவே இருக்கவேண்டும். சிறுபணம் வேர்வையிலும் நீரிலும் புழங்குகிறவர்களிடம் இருக்கிறது. நாள் முழுவதும் வயலில் நீருக்குள் நின்று நடவு நடுகிறவள் கூலியை முந்தானையில்தான் முடிந்துகொள்கிறாள். அவளிடம் பெட்டி இல்லை. மதிப்பு வாக்கில் இருக்கிறது என்று நான் கடையில் சொன்னது பொய்யன்று. ஆயினும், நோயில் கிடப்பவள் இருட்டில் விரலால் தடவி நம்புவதற்கு அந்த வாக்குக்கு ஓர் உடம்பு வேண்டியிருக்கிறது. என் மனைவி அதன்பின் நெடுங்காலம் வாழ்ந்தாள். அவளைக் காத்தது எந்த முடிச்சு என்று அம்மையிடம் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வந்ததில்லை.

இதைப் படிப்பவர் யாராயினும் அவர் இல்லத்தில் படுத்தவர் எழுந்து நடப்பாராக. அவர் உண்ணும் சோறு உடம்பில் ஒட்டுவதாக. மலையில் மழை பொய்யாது, பொருநை வற்றாது, அவர் பிள்ளைகள் நெடிது வாழ்வாராக. அஞ்சும் பொழுதில் அவர் அருகே ஒருவர் துணையிருப்பாராக. அம்மை காப்பாளாக.