பொன்னம்மாள் டீச்சர் விரிக்காத பாய்

சங்கரன்கோவில் பஸ் கரிவலம்வந்தநல்லூருக்கு வரும் நேரமும் எங்கள் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கும் நேரமும் ஒன்றுதான். தை மாதத்தில் அந்தப் புதன்கிழமை பஸ் நின்றதும் கண்டக்டர் இறங்கி நேரே பள்ளிக்கூடத்துக்குள் நடந்து வந்தார். "டீச்சர், முன்னால ஒங்ககூட ஒரே வீட்டுல இருந்தாவல்லா, பொன்னம்மா டீச்சர், அவுக தவறிட்டாவ. விடியக்காலமாம். வீட்டுக்காரம்மா ஒங்ககிட்ட சொல்லச் சொன்னாவ" என்றார். பிள்ளைகள் கடவுள் வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாடி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். பிறகு தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, திரும்பிப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

பொன்னம்மாள் டீச்சர் சங்கரன்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தவர்கள். அவர்களிடம் படித்த பெண்கள் அவர்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதுவார்கள். நான் அவர்களிடம் படித்தவள் இல்லை. கூட வேலை பார்த்தவள். சுதந்திரம் வந்த வருஷம் தொடங்கி ஐந்து வருஷம் ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்களோடு ஒரே அறையில் குடியிருந்தவள். என்னைவிட நான்கு வயது மூத்தவர்கள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த ஐந்து வருஷத்தில் பாதி நாள் அவர்களோடு சண்டை போட்டதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சண்டை வேறெதற்கும் இல்லை, பாய்க்குத்தான். அக்கா கண் விழித்ததும் முகம்கூடக் கழுவ மாட்டார்கள். முதல் வேலையாகப் போர்வையை நாலாக மடிப்பார்கள். கோரைப்பாயைத் தட்டிச் சுருட்டி, மூலையில் நிறுத்தி, தலையணையையும் போர்வையையும் பக்கத்துப் பலகையில் வைப்பார்கள். குடி வந்த மறுநாளே என் பக்கம் திரும்பினார்கள்.

"ஏட்டி செல்லம்மா, எந்திச்சிட்டல்லா, பாயச் சுருட்டு."

"ராத்திரி திரும்ப விரிக்கத்தானக்கா போறோம்? பெறகு எதுக்குச் சுருட்டணும்?"

"மத்தியானம் திரும்பப் பசிக்கத்தான் போவுது. அதுக்காவ இப்பச் சாப்புடாம இருக்கியா?"

"சாப்பாடு ருசியா இருக்கு. பாய் சுருட்டுததுல என்ன ருசி இருக்கு?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் மறுநாள் காலையிலும் அதே பேச்சுத்தான். இப்படியே இரண்டு மாதம் போனது. ஒரு நாள் எனக்கு எரிச்சல் வந்து, இனி என் பாயைச் சுருட்டுவதில்லை, என்ன ஆகிறது பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா என் பாயைத் தொடவில்லை. சுற்றிக்கொண்டு நடந்தார்கள். எங்கள் அறை ஜன்னல் சந்தைப் பார்த்து இருக்கும். தண்ணீருக்குப் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் உள்ளே கிடப்பது தெரியும்.

நான்காம் நாள் வீட்டுக்கார மதினி ஒரு சட்டியில் ரசம் சாதத்தோடு வந்து நின்றார்கள். "யாருக்கு மேலுக்குச் சொகமில்ல? நாலு நாளா பகல்லயும் பாய் விரிச்சே கெடக்கேன்னு எதுத்த வீட்டுல கேக்காவ" என்றார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பகலில் பாய் விரிந்து கிடந்தால் அந்த வீட்டில் நோயாளி இருக்கிறார் என்று அர்த்தம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நோயே இல்லாமல் ரசம் சாதம் கிடைத்ததே என்று சட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினால், அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் தங்கள் கணவரைப் பற்றிச் சொன்னார்கள். பனவடலிசத்திரத்தில் எட்டு மாதம் காசநோயில் கிடந்து இறந்தவர் அவர். அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. "போறவ வாறவ எல்லாம் எட்டிப் பாப்பாவ. அவுக மொகத்தப் பாக்க மாட்டாவ செல்லம்மா, பாயத்தான் பாப்பாவ. இன்னுமா கெடக்காருன்னு வாசல்ல நின்னு கேப்பாவ. அது அவுக காதுல விழும். விழுந்ததும் சுவரு பக்கம் திரும்பிக்கிடுவாவ. அன்னைக்கே நெனச்சேன், இனி என் வீட்டுல பகல்ல பாய் கெடக்கக் கூடாதுன்னு." சொல்லிவிட்டு முகம் துடைத்துக்கொண்டு, ரசம் சாதத்தை இரண்டு பேருக்கும் பங்கு வைத்தார்கள்.

அன்று முதல் நானும் சுருட்டினேன். ஒழுங்காகச் சுருட்ட எனக்கு வராது, ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அக்கா அதைப் பிரித்துத் திரும்பச் சுருட்டி வைப்பார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரெல்லாம் உறவுக்காரர்கள் வந்து இறங்கி, எங்கள் அறையிலேயே எட்டுப் பேர் படுத்த வருஷத்திலும், வெளிச்சம் வருவதற்குள் எட்டுப் பாயும் மூலையில் நின்றன. காய்ச்சலில் உடம்பு கொதித்த நாட்களில்கூட அக்கா பாயைச் சுருட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் திட்டுவேன். "நீ திட்டு, நான் சாஞ்சிக்கிடுதேன்" என்பார்கள்.

பிறகு எனக்குக் கரிவலத்துக்கு மாற்றல் வந்தது. அம்மாவைக் கூட்டிவந்து இங்கேயே வீடு பார்த்துக்கொண்டேன். அக்கா அந்த அறையிலேயே தனியாக இருந்தார்கள். மாதம் ஒருமுறை போவேன். அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆனது. அம்மாவுக்கு முடியவில்லை, பரீட்சை வந்துவிட்டது என்று எனக்குச் சாக்குகளுக்குக் குறைவில்லை.

சென்ற மார்கழி அரைப்பரீட்சை லீவில் ஒரு வேலையாகச் சங்கரன்கோவில் போனவள், பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது சந்துக்குள் ஓடிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அக்கா சுவரில் சாய்ந்து நோட்டு திருத்திக்கொண்டிருந்தார்கள். மெலிந்திருந்தார்கள். "என்னக்கா, மேலுக்குச் சரியில்லையா?" என்றேன். "நல்லாத்தான் இருக்கேன். ஒனக்கு பஸ் போயிரும், போ" என்றார்கள். என் கண் தானாக மூலைக்குப் போனது. பாய் சுருட்டி நின்றது. போர்வை நாலாக மடித்திருந்தது. சரி, நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று நான் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். காய்ச்சலிலும் பாயைச் சுருட்டுகிறவர்கள் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் யார்? தெரிந்தும் நான் பாயைத்தான் பார்த்தேன். அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

மற்றதெல்லாம் புதன்கிழமை வீட்டுக்கார மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்காவுக்கு வயிற்றில் கட்டி. கடைசி இருபது நாளும் பாயை விரிக்கவே இல்லையாம். அந்தக் குளிரில் சிமென்ட் தரையில் சேலையை விரித்துப் படுத்திருக்கிறார்கள். "ஏன் டீச்சர் வெறுந்தரையில கெடக்கியன்னு கேட்டேன். விரிச்சா காலையில சுருட்டணும்லா மதினி, குனிய முடியலன்னு சொன்னாவ. நான் சுருட்டித் தாரேன்னேன், கேக்கல. செல்லம்மாளுக்குச் சொல்லி விடட்டான்னேன், அவ அம்மையப் பாப்பாளா என்னையப் பாப்பாளான்னுட்டாவ." மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தினமும் பாய் சுருட்டுவதால் என்ன பிரயோஜனம் என்று நான் முதல் வருஷம் கேட்டதற்கு இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. புருஷன் போன பிறகு அக்காவை ஒவ்வொரு காலையும் எழுப்பி நிறுத்தியது அந்த வேலைதான் என்று நம்புகிறேன். ஆனால் நோயை ஒளிக்கவும் அதுதான் அவர்களுக்கு உதவியது. அதை நினைத்தால் கோபம் வருகிறது. அக்கா மேலா, என் மேலா, எட்டிப் பார்த்த அந்தப் பனவடலிக்காரர்கள் மேலா என்று தெரியவில்லை.

குளிப்பாட்டிய பிறகு கிடத்தப் பாய் கேட்டார்கள். நான்தான் எடுத்து விரித்தேன். ஆண்கள் தூக்கிக்கொண்டு போனதும் பெண்கள் வீடு கழுவத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மதினி பாயைச் சுருட்டி வெளியே போடக் குனிந்தார்கள். "கொஞ்ச நேரம் கெடக்கட்டும் மதினி" என்று தடுத்து, பாதி சாத்தியிருந்த ஜன்னலை முழுதாகத் திறந்தேன். சந்தில் போகிறவர்கள் நின்று உள்ளே பார்த்தார்கள். ஒருவரும் ஏளனமாகப் பார்க்கவில்லை. எதிர்த்த வீட்டுப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியாமப் போச்சே டீச்சர், ஒரு வா கஞ்சி காச்சித் தந்திருப்பனே" என்று அழுதாள். அழுகிறவளைப் பார்த்து அவள் குழந்தையும் அழுதது.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் இல்லை. நானும் சொல்லாமல்தான் வந்தேன். சொல்ல இருந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். அக்கா, நிம்மதியாகப் படுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் அந்தப் பஸ்ஸை விட்டிருக்க வேண்டும்.