வாழைப்பழ வயிறும் தாய்மாமன் இலையும்

அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர் ஒரு படத்தைக் காட்டி, இனிமேல் என் இரைப்பை ஒரு வாழைப்பழ அளவுக்குத்தான் இருக்கும் என்றார். நான் பரமத்தி வேலூர்க்காரன். வாழைத்தோப்பில் வளர்ந்தவனிடம் வெறுமனே வாழைப்பழம் என்றால் எப்படி? எந்தப் பழம் என்று கேட்டேன். பூவனா, ரஸ்தாளியா, மொந்தனா? மொந்தன் என்றால் ஒரு மாதிரி சமாளித்துவிடலாம். பூவன் என்றால் இரண்டு வாய்ச் சோறுதான். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேள்விக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. என் வயிற்றைக் கேட்டால் பூவன் என்கிறது, அதுவும் தாரின் கடைசிச் சீப்பில் தொங்கும் சூம்பல் பூவன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குமட்டல் என்றால் என்னவென்று தெரிந்தது. அதற்கு முன் எனக்குத் தெரிந்த குமட்டல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்கு வருவது மட்டும்தான். இது வேறு ரகம். அரை இட்லி உள்ளே போகும்வரை உலகம் நன்றாக இருக்கும். அடுத்த விள்ளலுக்கு வாயில் தண்ணீர் ஊறும், நெற்றி வியர்க்கும், நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு திறக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள். கூழாகும்வரை மெல்ல வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, எண்ணெய் ஆகாது, இனிப்பு ஆகாது, அவசரம் ஆகவே ஆகாது என்று ஆஸ்பத்திரியில் உணவு முறை சொல்லித்தரும் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்கோ மெல்லுகிற பழக்கமே இல்லை. அதுவரை என் பற்கள் சிரிப்பதற்கு மட்டுமே பயன்பட்டன.

வயிறு நிறைந்ததும் மற்றவர்களுக்கு ஏப்பம் வரும். எனக்கு ஒற்றைத் தும்மல் வந்தது. சிலருக்கு அப்படி உண்டு என்றார் டாக்டர். தும்மியதும் நிறுத்திவிட்டால் பிழைத்தேன். அதற்கு மேல் ஒரு வாய் வைத்தால் கொல்லைப்புறம் ஓட வேண்டியதுதான். என் மனைவி என் பேச்சை என்றைக்கும் மதித்ததில்லை, அந்தத் தும்மலை மதித்தாள். சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து வந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள்.

என் பழைய உடம்புக்கு அஸ்திவாரம் போட்டவள் என் தங்கை. சின்ன வயதில் அவளுக்குச் சோறு என்றாலே வேம்பு. தட்டில் மீதி வைத்தால் அப்பா முதுகில் வைப்பார். அதனால் அவர் முகம் திரும்பும் நேரம் பார்த்து மொத்தத்தையும் என் தட்டில் தள்ளிவிடுவாள். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவேன். அவள் நூலாகவே இருந்தாள், நான் பொதியானேன். அவளை ஜலகண்டாபுரம் பக்கம் கட்டிக் கொடுத்தோம்.

வயிற்றைச் சுருக்கிக்கொள்ள சர்க்கரை, மூட்டுவலி என்று ஊரறிந்த காரணங்கள் இருந்தன. ஊரறியாத காரணம் மடி. தங்கையின் மூத்த மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும் என்று அவனைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வயிறு தொடை முழுவதையும் பிடித்துக்கொண்டதால் எனக்கு மடி என்ற ஒன்றே இல்லை. குழந்தை வழுக்கி வழுக்கித் தரைக்குப் போனான். கடைசியில் ஒருவர் அவனைப் பக்கத்திலிருந்து தாங்கிப் பிடிக்க, ஆசாரி குத்தி முடித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அடுத்ததாக அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துவிட்டேன்.

அறுத்துக்கொண்ட விஷயம் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. தின்பதை நிறுத்தத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று பேசுவார்களே என்று வெட்கம். எப்படி இளைத்தீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் நடைப்பயிற்சி, குதிரைவாலிக் கஞ்சி என்று அளந்துவிட்டேன். தங்கையின் மாமனார் அதை அப்படியே நம்பிவிட்டார். அவரும் நல்ல உடம்புக்காரர். தினமும் விடியும் முன்னே மேட்டூர் ரோட்டில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்கிறார், குதிரைவாலியைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை, என்னைத்தான் குரு என்று சொல்லித் திரிகிறார் என்று தங்கை போனில் சொன்னாள். எனக்குச் சாப்பிடாமலேயே குமட்டியது.

மேச்சேரிப் பக்கம் இருக்கும் அவர்கள் குலதெய்வக் கோயிலில் பெண் குழந்தைக்குக் காதுகுத்தும் கெடா வெட்டும் வைத்தார்கள். தறி வேலை மும்முரத்தில் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், எனக்குப் போனிலேயே அழைப்புச் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவிக்குக் காய்ச்சல், அதனால் நான் மட்டும் சீர்த்தட்டோடு போய் இறங்கினேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். சம்மணமிட்ட என் காலுக்கு நடுவில் அவள் அச்சில் வார்த்தது போல் உட்கார்ந்தாள். ஆசாரி குத்தியதும் வீறிட்டு அழுது என் சட்டையைப் பற்றிக்கொண்டாள், கீழே மட்டும் வழுக்கவில்லை. அந்த நிமிடம் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

அந்தப் பெருமையிலேயே பந்திக்குப் போனதுதான் தப்பு. அந்தப் பக்கத்தில் முதல் பந்தியின் முதல் இலை தாய்மாமனுக்கு. அவன் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள், அவன் இலையை மடக்கிய பிறகுதான் எழுவார்கள். சோற்றை அப்படியே வைத்துவிட்டு அவன் எழுந்துவிட்டால், சபையில் ஏதோ குறை, உறவு வேண்டாம் என்று அர்த்தம். பழைய நாளில் என் இலைக்கு ஆபத்தே வந்ததில்லை. நான் சாப்பிடுவதைப் பார்க்கவே மாப்பிள்ளை வீட்டார் எதிரே வந்து நிற்பார்கள். அன்றும் நின்றார்கள். மாப்பிள்ளையே வாளியைத் தூக்கி வந்து குழம்பை ஊற்றினார். ஈரல் வந்தது, குடல் வந்தது, நல்லி எலும்பு தனியாக வந்தது. இத்தனை பேர் பார்க்கும்போது கூழாகும்வரை மென்றுகொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? பழைய வேகத்தில் உள்ளே தள்ளினேன். தும்மல் வந்தது. ஒற்றைத் தும்மல் அபசகுனம் என்று யாரோ முனகினார்கள். அதை மறைப்பதற்காக இன்னொரு வாய் வைத்தேன்.

அவ்வளவுதான். வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து கோயிலுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்துக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது பந்தி மொத்தமும் கையைச் சோற்றில் வைத்தபடி அசையாமல் இருந்தது. தங்கை கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது. அந்த வீட்டில் காலம் தள்ள வேண்டியவள் அவள்தான். உன் அண்ணன் இலையில் சோற்றை வைத்துவிட்டுப் போனவன் என்ற பேச்சை நானா கேட்கப்போகிறேன்?

சற்று நேரத்தில் அவள் மாமனார் இரண்டு பெரியவர்களோடு மரத்தடிக்கு வந்தார். கையில் தாம்பாளம், அதில் பாக்கு வெற்றிலை. போன் அழைப்புதான் குறை என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

"நேர்ல வந்து பாக்கு வெத்தல வெச்சுக் கூப்புட்டிருக்கோணுமுங்க மாப்ள. தப்புத்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். உறவு முறையில் நானும் அவருக்கு மாப்பிள்ளைதான்.

குறையெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் வேறு ஏதோ வந்துவிடும். அதனால் பேசாமல் நின்றேன். பேசாதது கோபம் என்று ஆனது. அவர் தாம்பாளத்தை இன்னும் பக்கத்தில் நீட்டினார். எங்கள் ஊர் வெற்றிலை, வாசனையிலேயே தெரிந்தது. அந்த வாசனைக்கு மறுபடியும் குமட்ட, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீட்டிய வெற்றிலைக்கு முகத்தைத் திருப்புவதை விடப் பெரிய அவமரியாதை எங்கள் பக்கத்தில் கிடையாது. பெரியவர்களில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு முழுதாக வந்தது, மரத்தடியிலேயே வாந்தி எடுத்தேன்.

வாய் காலியானதும் முதல் வேலையாகச் சட்டையைத் தூக்கி வயிற்றில் இருந்த சின்னச் சின்னத் தழும்புகளைக் காட்டினேன். "கோவமெல்லாம் இல்லீங்க மாமா. வயித்த அறுத்துச் சின்னதாக்கிட்டனுங்க. அதுக்கு மேல எறங்க மாட்டீங்குது."

அவர் தழும்புகளைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப அந்தக் குதிரவாலிங்க?"

"அது சும்மா சொன்னதுங்க."

மனிதர் தாம்பாளத்தை என் கையில் கொடுத்துவிட்டு நேராகப் பந்திக்குப் போய், தனக்கும் ஒரு இலை போடச் சொன்னார். அந்தக் கெடா விருந்துக்கும் அவர் தூக்குப்போசியில் குதிரைவாலிக் கஞ்சிதான் கொண்டு வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு என் இலைக்குத் திரும்பினேன். விஷயம் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஆனாலும் யாரும் எழவில்லை, கை காய உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இலை நிறையச் சோறும் கறியும். ஒரு பருக்கைகூட இறங்காது. மடக்கினால் மீதி வைத்த இலை, மடக்காவிட்டால் பந்தி முடியாது. திருதிருவென்று விழித்தேன்.

தங்கை வந்து செம்பைக் கீழே வைத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு என்னை ஒட்டி உட்கார்ந்து, இலையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"தள்ளுங்கண்ணா. சின்னதுல நான் திங்காம உங்க வட்டல்ல தள்ளுனதெல்லாம் நீங்கதான தின்னீங்க. இப்ப என்ற மொற."

இரண்டு தோசைக்கு மேல் சாப்பிட்டுப் பார்த்திராத என் தங்கை, அத்தனை பேர் முன்னால் அண்ணன் எச்சில் இலையிலிருந்து ஈரலையும் குடலையும் நல்லியையும் ஒன்று விடாமல் சாப்பிட்டாள். மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, நிறுத்தவில்லை. கடைசியில் சுண்டைக்காய் அளவு சோற்றை உருட்டி என் கையில் வைத்தாள்.

"இத மட்டும் மென்னு முழுங்குங்க. அவசரமில்ல, எல்லாரும் இருக்கறோம்."

நான் மென்றேன். கூழாகும்வரை மென்றேன். கை காய்ந்த பந்தி மொத்தமும் என் தாடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன், தும்மல் வரவில்லை. அவளைப் பார்த்துத் தலையசைத்தேன். என் இலையை அவளே மடக்கினாள்.