சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது

என் தங்கையின் கல்யாணத்துக்கு அலுவலகத் தோழி ஒருத்தியை ஊருக்குக் கூட்டிவந்திருந்தேன். பிரான்சிலிருந்து பாண்டிச்சேரிக்கு வேலைக்கு வந்தவள். நம் கல்யாணம் எதையும் அவள் பார்த்ததில்லை. கிளம்பும்போதே ஒன்று சொல்லியிருந்தாள்: முந்திரி ஆகாது, வயிற்றுக்குள் போனால் தொண்டை வீங்கி அடைத்துக்கொள்ளும். அதற்கான ஊசி ஒன்று, பேனா மாதிரி இருக்கும், எப்போதும் அவள் கைப்பையில் கிடக்கும்.

காரைக்காலில் மண்டபம். காலை டிபனில் பொங்கலும் கேசரியும் அவள் இலையில் விழாமல் நானே தடுத்தேன். குருமா வந்தபோது, "இதுல முந்திரி இருக்காண்ணே?" என்று கேட்டேன். பரிமாறியவர் கரண்டியால் கிண்டிப் பார்த்துவிட்டு, "இல்லிங்களே, நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்றார். அரைத்து ஊற்றியிருந்தது அவருக்கும் தெரியவில்லை.

மேடைக்கு எதிரே உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவள் கழுத்தைச் சொறிய ஆரம்பித்தாள். திரும்பினேன். உதடு தடித்திருந்தது.

"பை" என்றாள். குரல் கம்மிப்போயிருந்தது.

விடியற்காலையில் அம்மா அவளுக்குப் புடவை கட்டிவிட்டபோது பையை மணப்பெண் அறையிலேயே வைத்துவிட்டிருந்தாள். ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. உள்ளே நகை இருந்ததால் அம்மா பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். அம்மாவோ மேடையில், அப்பா பிடித்திருந்த தங்கையின் கைமேல் செம்பிலிருந்து தாரை வார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏறிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா, "தாரை வாக்கிறப்ப குறுக்க வரலாமாம்மா?" என்று அதட்டினார். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். நான் அம்மாவின் காதருகே குனிந்து, "சாவி குடும்மா. அவளுக்கு மூச்சு முட்டுது" என்றேன். அம்மா திரும்பவில்லை, தண்ணீரையும் நிறுத்தவில்லை. இடுப்பை மட்டும் என் பக்கம் நெளித்துக் கொடுத்தாள். உருவிக்கொண்டு இறங்கினேன்.

பையோடு வந்தபோது அவள் என் சித்தியின் மடியில் சரிந்து கிடந்தாள். ஒவ்வொரு மூச்சும் விசிலடித்தது. ஊசியை எடுத்துவிட்டு எந்தப் பக்கம் குத்துவதென்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவளே என் கையை இழுத்து, ஊசியைப் புடவைக்கு மேலேயே தொடையில் அழுத்தினாள்.

சித்தப்பாவின் காரில் ஏற்றினோம். கார் வாசலைத் தாண்டும்போது உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. என் தங்கை கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. அப்போது அது உறைக்கவும் இல்லை. தோழியின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். விசில் அடங்கிய பிறகுதான் போனைப் பார்த்தேன். அம்மா விடாமல் கூப்பிட்டிருந்தாள். எடுத்ததும், "புள்ள மூச்சு விடுதாடி?" என்றாள்.

"விடுறாம்மா."

அம்மா அழுதாள்.

சாயங்காலம் முகம் இன்னும் உப்பியிருக்க, தோழி மண்டபத்துக்கே போகவேண்டும் என்றாள். மாப்பிள்ளையின் அம்மா வாசலுக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "காலையில தெரியாம சத்தம் போட்டுட்டேன்" என்று என்னிடம் சொன்னார். பிறகு சமையல்கட்டுக்குள் போய், தயிர்சாதத்தைத் தன் கையாலேயே பிசைந்து எடுத்துவந்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். மெல்ல ஒரு வாய் எடுத்தாள்.